'யூஸ்ட் டு'ன்னா இப்போ இல்லைன்னு அர்த்தம் சாமி!

ஆங்கிலத்துல நாம விடற தப்புல ரெண்டு வகை இருக்கு மக்களே. ஒண்ணு, பார்த்த உடனே தப்புன்னு தெரியற தப்பு. 'டிஸ்கஸ் அபவுட்'னு எழுதறது, 'ரிட்டர்ன் பேக்'னு எழுதறது, 'மைசெல்ஃப்'னு ஆரம்பிச்சு பேரைச் சொல்றது எல்லாம் இந்த வகை. படிக்கிறவர் லேசா சிரிப்பார், அவ்வளவுதான். சொல்ல வந்த விஷயம் சேதாரம் இல்லாம போய்ச் சேர்ந்துடும்.

ரெண்டாவது வகை, தப்புன்னே தெரியாத தப்பு. வாக்கியம் பளிச்சுனு இருக்கும். இலக்கணம் சுத்தமா இருக்கும். கம்ப்யூட்டர்ல அடிச்சா கீழ சிவப்புக் கோடு கூட வராது. ஆனா நாம சொல்ல வந்ததுக்கு நேர் எதிரான ஒண்ணை அது சொல்லிட்டு இருக்கும். எழுதினவருக்கும் தெரியாது, படிச்சவருக்கும் தெரியாது.

இந்த ரெண்டாவது வகைக்கு ஒரு தலைவர் இருக்கார். பேரு 'யூஸ்ட் டு'.

'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்'னு ஒருத்தர் எழுதறார். அவர் மனசுல இருக்கறது, 'நான் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்'. இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவர் படிச்சா அவருக்குப் புரியறது, 'ஒரு காலத்துல அஞ்சு மணிக்கு எழுந்துட்டு இருந்தேன், இப்போ அதெல்லாம் இல்லை'. பாருங்க, வழக்கத்தைச் சொல்லப் போய் அந்த வழக்கத்துக்கு இரங்கற்பா எழுதிட்டார் மனுஷன்.

நம்ம ஆளுங்க எழுதற இங்கிலீஷ்ல ஒரே ஒரு தப்பைத்தான் திருத்த முடியும், மத்ததெல்லாம் அப்படியே கிடக்கட்டும்னு யாராவது எனக்கு வரம் கொடுத்தா, 'டிஸ்கஸ் அபவுட்' பக்கம் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டேன். இதைத்தான் கேட்பேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல விதி என்ன?

ரொம்பச் சின்ன விதிதான். 'யூஸ்ட் டு' இறந்தகாலத்துக்கு மட்டும். முன்னாடி வழக்கமா நடந்த ஒண்ணு, அல்லது முன்னாடி இருந்த ஒரு நிலை. இப்போ நடக்கிற வழக்கத்தைச் சொல்ல அது உதவாது. அதுக்கு சாதாரண நிகழ்காலம் போதும். 'ஐ கெட் அப் அட் ஃபைவ்.' முடிஞ்சது. வேணும்னா 'யூஷுவலி', 'எவ்ரி டே'ன்னு ஒண்ணைச் சேர்த்துக்கலாம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, யாராவது மடக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். 'யூஸ்ட் டு' போட்டா 'இப்போ இல்லை'ன்னு கட்டாயம் ஆகிடுமா? கறாரா பார்த்தா ஆகாது. 'நான் முன்னாடி இங்கதான் குடியிருந்தேன், இப்பவும் இங்கதான் இருக்கேன்'னு ரெண்டாவது பாதியைச் சேர்த்து எழுதினா அதுல முரண் கிடையாது. ஆனா அந்த ரெண்டாவது பாதி இல்லாம விட்டா, படிக்கிறவர் 'இப்போ இல்லை'ன்னுதான் எடுத்துக்குவார். தமிழ்ல 'அவர் முன்னாடி எல்லாம் நல்லா பேசுவார்'னு சொல்லிட்டு நிறுத்தினா நமக்கு என்ன தோணும்? 'ஏன், இப்போ பேசறதில்லையா?'ன்னுதானே? அதே கதைதான்.

நாம ஏன் இந்தத் தப்பைப் பண்றோம்?

இங்கதான் எனக்குக் கோவம் வருது. 'கிராமர் தெரியாத பசங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. இந்தத் தப்புக்குக் காரணம் அறிவுக்குறைவு கிடையாது. நம்ம தமிழ்தான் காரணம், அதுவும் தமிழோட ஒரு நல்ல குணம்.

ரெண்டு வாக்கியம் பாருங்க.

'சின்ன வயசுல நாங்க ஆத்துல குளிப்போம்.'
'ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க ஆத்துல குளிப்போம்.'

முதலாவது போன காலம். ரெண்டாவது இப்போ நடக்கிற வழக்கம். ஆனா வினைச்சொல் ரெண்டுலயும் 'குளிப்போம்'தான். பள்ளிக்கூடத்துல அதுக்கு எதிர்காலம்னு பேர் வச்சிருக்கோம், ஆனா அது வழக்கத்தையும் சொல்லும், என்றைக்கும் மாறாத இயல்பையும் சொல்லும். 'சூரியன் கிழக்கே உதிக்கும்'னு சொல்றது நாளைக்கு மட்டும்னு யாரும் எடுத்துக்க மாட்டோம். முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை ஒரே வினைவடிவத்தால சொல்றதுக்கு தொல்காப்பியம் வினையியல்லயே விதி இருக்கு. அவ்வளவு பழைய சொத்து இது.

காலம் எதுன்னு வினைச்சொல் சொல்லாது, பக்கத்துல இருக்கிற 'சின்ன வயசுல', 'அப்போ', 'முன்னாடி' மாதிரி சொற்கள் சொல்லிடும். தமிழுக்கு இது போதும்.

ஆங்கிலம் வேற மாதிரி. அங்க போன கால வழக்கத்துக்குன்னு 'யூஸ்ட் டு'ன்னு தனி உருப்படி இருக்கு. இப்போ நடக்கிற வழக்கத்துக்கு அப்படித் தனி உருப்படி இல்லை, வெறும் வினைச்சொல்தான். நம்ம மனசு என்ன செய்யுது? 'குளிப்போம்'ங்கிற ஒரு சாவிக்கு இங்கிலீஷ்ல ஒரு சாவி தேடுது. 'யூஸ்ட் டு' கண்ணுல படுது. அதையே ரெண்டு பூட்டுக்கும் போட்டுத் திருகறோம்.

இதுக்கு மேல, 'ஐ கெட் அப் அட் ஃபைவ்'னு எழுதினா நமக்கு மொட்டையாத் தெரியுது. 'வழக்கம்'ங்கிற அர்த்தம் எங்கே போச்சுன்னு தேடறோம். அது அந்த மொட்டைக்குள்ளயேதான் இருக்குன்னு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்துல ஆங்கிலேயர்களே இதை நிகழ்காலத்துலயும் எழுதினவங்கதான். 'யூஸ்'ங்கிற சொல்லுக்கு 'பயன்படுத்து'ன்னு மட்டும் இல்லாம 'வழக்கமாச் செய்'னும் அர்த்தம் இருந்துது. மில்டன் 1638-ல வெளிவந்த 'லிசிடஸ்' கவிதையில அந்தச் சொல்லை இந்த அர்த்தத்துல நிகழ்காலத்துலயே போட்டிருக்கார். அப்புறம் காலப்போக்குல நிகழ்கால வடிவம் உதிர்ந்து போச்சு, இறந்தகால வடிவம் மட்டும் நின்னுடுச்சு. 'யூஷுவல்', 'யூஷுவலி' எல்லாம் கூட அதே லத்தீன் வேர்ல இருந்து வந்த சொந்தக்காரங்கதான்.

நாம மட்டும் தனியா இல்லை. சிங்கப்பூர், மலேசியா ஆங்கிலத்துலயும் இப்போ நடக்கிற வழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' போடுவாங்கன்னு மொழியியல் ஆட்கள் எழுதி வச்சிருக்காங்க. அதனால 'ஐ யூஸ்ட் டு'ன்னு யாராவது தப்பாச் சொன்னா சிரிக்கிறவங்க கொஞ்சம் வாயை மூடிக்கலாம். சிரிக்க இதுல ஒண்ணும் இல்லை. கவலைப்பட நிறைய இருக்கு.

என்ன பெரிய நஷ்டம்?

'புரிஞ்சா போதாதா?'ன்னு கேட்பீங்க. போதும்தான். புரியலைங்கிறதுதான் பிரச்சினையே. பேச்சுல பரவாயில்லை. எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பார், 'இப்போவும் எழுந்திருக்கீங்களா?'ன்னு திருப்பிக் கேட்பார், சரியாயிடும். காகிதத்துகிட்ட யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அதனாலதான் எழுத்துல இது ஆபத்து.

பி.காம் படிக்கிற நம்ம ஆளுங்களுக்குப் புரியற உதாரணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஆடிட்டிங் பேப்பர்ல 'இன்டர்னல் கன்ட்ரோல்'னு பக்கம் பக்கமா எழுதறோம். ஒரு கம்பெனியில பணம் கையாள்றவர், சரக்கு எண்றவர், கணக்கு எழுதறவர் எல்லாம் தங்களோட வேலையை ஒழுங்கா, விடாம செய்யறாங்களான்னு பார்க்கணும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 143-ஆம் பிரிவு, கம்பெனியோட நிதிக் கட்டுப்பாடுகள் சரியா இருக்கா, அது நடைமுறையில ஓடுதான்னு ஆடிட்டர் தன்னோட அறிக்கையிலயே சொல்லணும்கிறது. சில சின்ன பிரைவேட் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு.

இப்போ ஒரு கம்பெனி அக்கவுன்டன்ட் ஆடிட்டருக்கு எழுதிக் கொடுக்கிறார்: 'த கேஷியர் யூஸ்ட் டு கவுன்ட் த கேஷ் எவ்ரி ஈவினிங்.' அவர் சொல்ல வந்தது, கேஷியர் தினமும் சாயங்காலம் பணத்தை எண்ணுவார். காகிதம் சொல்றது, முன்னாடி எண்ணிட்டு இருந்தார். 'அப்போ எப்ப நிறுத்தினார்? ஏன் நிறுத்தினார்? நிறுத்தினதுக்கு அப்புறம் யார் எண்றாங்க?' ஒழுங்கா நடக்கிற ஒரு கட்டுப்பாட்டை நின்னு போன கட்டுப்பாடுன்னு தன் கையாலயே எழுதிக் கொடுத்துட்டார். ஆடிட்டர் நம்ம ஊர்க்காரரா இருந்தா அவரும் 'எண்ணுவார்'னே படிச்சுட்டுப் போயிடுவார். அந்த ஃபைல் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்குப் போனா? 'ரிட்டன் ரெப்ரசென்டேஷன்'னு எஸ்.ஏ. 580-ல படிக்கிறோமே, நிர்வாகம் எழுத்துல கொடுக்கிறதும் தணிக்கைச் சான்றுதான்னு. சான்றுலயே காலம் தப்பா இருந்தா என்ன பண்றது?

அடுத்தது வியாபாரக் கடிதம். ஒரு நூல் மில்லுக்காரர் வெளிநாட்டுல இருந்து விசாரிச்சவருக்குப் பதில் போடறார்: 'வி யூஸ்ட் டு சப்ளை யார்ன் டு திருப்பூர்.' திருப்பூருக்கு நூல் சப்ளை பண்றோம், பெரிய இடத்துல எல்லாம் நம்ம சரக்குதான்னு பெருமையாச் சொல்ல வந்தார். படிக்கிற வெள்ளைக்காரருக்கு என்ன தெரியுது? 'முன்னாடி சப்ளை பண்ணாங்களாம். இப்போ திருப்பூர்க்காரங்க ஏன் வாங்கறதில்லை? சரக்குல கோளாறா?' ஒரு வரியில தன் கடைக்குத் தானே பூட்டு.

மூணாவது இன்னும் பயங்கரம். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம். புகைப்பழக்கம் பத்திக் கேள்வி வரும். தினமும் நாலு சிகரெட் பிடிக்கிற ஒரு நேர்மையான மனுஷர், மறைக்கக் கூடாதுன்னு நினைச்சு 'ஐ யூஸ்ட் டு ஸ்மோக் ஃபோர் சிகரெட்ஸ் அ டே'ன்னு எழுதறார். காகிதத்துல அவர் விட்டவர்! உண்மையைச் சொல்ல நினைச்சவர் பொய் சொன்னவரா நிக்கறார். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி, 2015-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், பாலிசி ஆரம்பிச்சு 3 வருஷம் தாண்டிட்டா எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. அந்த 3 வருஷத்துக்குள்ள முக்கியமான விஷயத்துல தப்பான தகவல் இருக்குன்னு கிளப்பலாம். அந்த 3 வருஷத்துக்குள்ள அந்த மனுஷருக்கு ஏதாவது ஆச்சுன்னு வைங்க. அவர் வீட்டம்மா கையில இருக்கறது அந்த ஒரு வரி. 'அவர் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதிட்டாருங்க'ன்னு க்ளெய்ம் ஆபீஸ்ல போய் யாரு இலக்கண விளக்கம் கொடுப்பா?

நாலாவது, ஆஸ்பத்திரி. பாட்டிக்கு ஆபரேஷன். சேர்க்கும்போது கொடுக்கிற படிவத்தை வீட்டுல 'படிச்ச பையன்' நிரப்பறான். பாட்டி ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு தினமும் ஒரு மாத்திரை சாப்பிடறாங்க. பையன் எழுதறான்: 'ஷி யூஸ்ட் டு டேக்'னு போட்டு மாத்திரை பேரு. அதாவது முன்னாடி சாப்பிட்டாங்க, இப்போ இல்லை. இந்த வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அதை நிறுத்தணுமா, எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர் முடிவு பண்ணணும். ரத்தப்போக்கு விஷயம். நல்ல டாக்டர் வாய் விட்டும் கேட்பார், சரி. ஆனா படிவம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? கேட்கிறதுக்கு ஆள் இல்லாத நேரத்துக்காகத்தானே?

இப்போ சொல்லுங்க. 'டிஸ்கஸ் அபவுட்'னு எழுதி யாருக்காவது இப்படி நஷ்டம் வருமா? அந்த 'அபவுட்' சும்மா ஒட்டிக்கிட்டு வர்ற வால். அர்த்தத்தை மாத்தாது.

யாரைத் திட்டணும்?

முதல்ல, 'முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்' ஆசாமிகளை. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ்னு அட்டவணை போட்டு, 'வழக்கம் = யூஸ்ட் டு'ன்னு எழுதி வச்சுடறாங்க. அதைச் சின்னப் பசங்க மனப்பாடம் பண்றாங்க. 'வழக்கமாக இருந்தது = யூஸ்ட் டு'ன்னு ரெண்டே ரெண்டு சொல் சரியாப் போட்டிருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அந்த 'இருந்தது'வை முழுங்கிட்டாங்க.

ரெண்டாவது, திருத்தற வாத்தியாருங்களை. 'டிஸ்கஸ் அபவுட்'டைப் பார்த்தா சிவப்பு மையில வட்டம் போட்டு, கிளாஸ்ல உரக்கப் படிச்சு, எல்லாரும் சிரிச்சு முடிச்சு, மார்க்கும் குறைச்சுடறாங்க. அதே விடைத்தாள்ல 'யூஸ்ட் டு' வந்தா 'கரெக்ட்'னு டிக் போட்டுட்டு அடுத்த பக்கம் போறாங்க. அவங்க கண்ணுக்கு அந்த வாக்கியம் சரிதான், ஏன்னா தனியா எடுத்துப் பார்த்தா அதுல இலக்கணப் பிழை கிடையாது. எழுதினவர் என்ன சொல்ல வந்தார்னு கேட்டாத்தானே தெரியும்? அதைக் கேட்கிற பழக்கமே நம்ம வகுப்பறையில இல்லை. வெட்கப்பட வைக்கிற தப்பைத் தேடறோம், நஷ்டப்பட வைக்கிற தப்பை விட்டுடறோம்.

மூணாவது, உச்சரிப்பை வச்சுக் கிண்டல் பண்ற 'கான்வென்ட்' கோஷ்டியை. ஒருத்தன் 'ஸ்கூல்'னு சொல்றதுக்குப் பதிலா 'இஸ்கூல்'னு சொன்னா யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? அவனைச் சிரிச்சுச் சிரிச்சே வாயடைக்க வச்சுட்டு, அவன் எழுதற காகிதத்துல இருக்கிற உண்மையான ஆபத்தைச் சொல்லாம விடறீங்களே, இதுக்குப் பேர் இங்கிலீஷ் அறிவா?

'வெள்ளைக்காரன் சொன்னாத்தான் சரியா?'

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நானும் அந்தக் கட்சிதான் பெரும்பாலும். இந்திய ஆங்கிலம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தன்மானம் உண்டு. 'போஸ்ட்போன்' இருக்கும்போது 'ப்ரீபோன்' ஏன் இருக்கக் கூடாதுன்னு நம்ம ஆளுங்க புழக்கத்துல விட்டாங்க. சிரிச்சாங்க எல்லாரும். இப்போ ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலயே அது உட்கார்ந்திருக்கு. முன்கூட்டி நகர்த்தறதுக்கு ஒரே சொல் வேணும்ங்கிற தேவையை அது தீர்த்து வச்சுது. அதனால நின்னுது.

ஆனா 'யூஸ்ட் டு'வை ரெண்டு காலத்துக்கும் போட்டா ஆங்கிலத்துக்குப் புதுசா ஒண்ணும் கிடைக்கலை. இருந்த ஒரு வித்தியாசம் காணாமப் போகுது. 'முன்னாடி செஞ்சார்', 'இப்போ செய்யறார்' ரெண்டும் ஒரே வாக்கியம் ஆயிடுது. தமிழ்ல 'அப்போ', 'முன்னாடி'ன்னு பக்கத்துணை இருக்கு. இங்கிலீஷ்ல எழுதும்போது அந்தத் துணையையும் விட்டுடறோம், ஏன்னா 'யூஸ்ட் டு'வே எல்லாத்தையும் சொல்லிடும்னு நினைப்பு. அப்போ படிக்கிறவர் எதை வச்சு முடிவு பண்ணுவார்?

நமக்குள்ள பேசிக்கும்போது இது ஒரு விஷயமே இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே குறியீடு தெரியும். நம்ம காகிதம் நம்மைத் தாண்டிப் போகும்போதுதான் சிக்கல். வங்கி, கம்பெனி, ஆஸ்பத்திரி, விசா ஆபீஸ்னு நம்ம எழுத்து நாம இல்லாத இடத்துல போய் நமக்காகப் பேசுது. அது பேசறது நாம சொன்னதாத்தானே இருக்கணும்? வெள்ளைக்காரனுக்குப் பயந்து இதைச் சொல்லலை. நாம சொன்னது நாம சொன்ன மாதிரியே போய்ச் சேரணும்னு சொல்றேன்.

சரி, எழுதும்போது என்ன பண்ணணும்?

ஒரே ஒரு சோதனை. 'யூஸ்ட் டு' எழுதின உடனே, அந்த வாக்கியத்துக்கு முன்னாடி 'ஒரு காலத்துல'ன்னும், பின்னாடி 'இப்போ இல்லை'ன்னும் மனசுக்குள்ள தமிழ்ல சேர்த்துப் படிங்க. 'ஒரு காலத்துல கேஷியர் தினமும் பணம் எண்ணுவார், இப்போ இல்லை.' உண்மையா? உண்மைன்னா 'யூஸ்ட் டு' இருக்கட்டும். இல்லைன்னா அடிச்சுட்டு வெறும் வினைச்சொல்லைப் போடுங்க. 'த கேஷியர் கவுன்ட்ஸ் த கேஷ் எவ்ரி ஈவினிங்.' மொட்டையா இருக்கேன்னு பதறாதீங்க. அந்த 'எவ்ரி ஈவினிங்' ஒண்ணே வழக்கத்தை முழுசாச் சொல்லிடுது. ஆடிட்டருக்கும் அதுதான் வேணும்: யாரு, என்ன, எத்தனை நாளைக்கு ஒரு தடவை.

இந்தத் தலைவர் மாதிரியே முகம் இருக்கிற ரெண்டு பேர் சுத்திட்டு இருக்காங்க. அவங்களையும் அடையாளம் காட்டிடறேன்.

ஒருத்தர், முன்னாடி 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வச்சுக்கிட்டு வர்றவர். 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்.' ராத்திரியில வண்டி ஓட்டிப் பழக்கம் இருக்கு, கஷ்டமாத் தெரியாதுன்னு அர்த்தம். இது நிகழ்காலத்துல தாராளமா வரும். ஆனா கவனிங்க, பின்னாடி 'டிரைவ்' வராது, 'டிரைவிங்' வரும். அந்த 'ஆம்'மை விட்டுட்டு 'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்'னு எழுதினா முன்னாடி ராத்திரியில ஓட்டினேன், இப்போ ஓட்டறதில்லை. டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் போடறவருக்கு இந்த ஒரு 'ஆம்' சோறு போடற சமாச்சாரம்.

இன்னொருத்தர், பயன்படுத்தறதைச் சொல்றவர். 'அ நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் ஃப்ரூட்.' கத்தி பழம் வெட்டப் பயன்படுது. எழுத்து அதேதான், ஒலி வேற. இதுல நடுவுல வர்ற எழுத்து தேனீ ரீங்காரம் மாதிரி ஒலிக்கும். வழக்கத்தைச் சொல்ற 'யூஸ்ட் டு'ல அது பாம்பு சீறற மாதிரி ஒலிக்கும்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பேசும்போது 'யூஸ்ட்'டோட கடைசி ஒலியும் 'டு'வோட முதல் ஒலியும் ஒண்ணா ஒட்டிப் போயிடும். காதுல 'யூஸ் டு'ன்னுதான் விழும். அதை நம்பி கடைசி 'டி' எழுத்தை விட்டு எழுதறவங்க ஏராளம், இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிறவங்க உட்பட. சாதாரண வாக்கியத்துல அந்த 'டி' கண்டிப்பா வேணும். முன்னாடி 'டிட்' வந்தா மட்டும் பெரும்பாலான அகராதிகள் 'டி' இல்லாமதான் எழுதச் சொல்லுது. 'டிட் யூ யூஸ் டு ஸ்மோக்?' இறந்தகாலத்தை 'டிட்'டே சுமந்துடுது, அதனால இன்னொரு தடவை வேண்டாம், 'டிட் யூ கோ'ன்னு எழுதற மாதிரிதான். 'டிடின்ட்'டுக்கு அப்புறம் 'டி' வரணுமா வேண்டாமான்னு அங்கயே ரெண்டு கட்சி உண்டு. அந்தச் சண்டைக்கு நடுவுல நமக்கு என்ன வேலை? 'நெவர் யூஸ்ட் டு'ன்னு எழுதிட்டு நழுவிடுங்க. அது எல்லாருக்கும் சம்மதம்.

பிளேஸ்மென்ட் நேரம் வருது. பயோடேட்டா அடிக்கும்போது நம்ம கிளாஸ் ஆளுங்க ஒரு தடவை திரும்பிப் பாருங்க. 'ஐ யூஸ்ட் டு ஒர்க் இன் டாலி', 'ஐ யூஸ்ட் டு ரீட் பிசினஸ் நியூஸ்' மாதிரி வரி ஏதாவது இருக்கா? டாலியில இப்பவும் வேலை பண்றீங்களா, மறந்துட்டீங்களா? செய்தி இப்பவும் படிக்கிறீங்களா, விட்டுட்டீங்களா? இன்டர்வியூவுக்குக் கூப்பிடறதா வேண்டாமான்னு முடிவு பண்றவர் முன்னாடி நீங்க இருக்க மாட்டீங்க. அந்த வரி மட்டும்தான் இருக்கும். அது உங்களைப் பழைய ஆளாக் காட்டாம பார்த்துக்கோங்க.

உச்சரிப்பு எப்படி வேணா இருக்கட்டும். 'டிஸ்கஸ் அபவுட்' நூறு தடவை வரட்டும். இதை மட்டும் சரி பண்ணிடுங்க.

பி.கு: இதுக்கு அப்புறமும் யாராவது 'ஐ யூஸ்ட் டு ரீட் யுவர் போஸ்ட்ஸ்'னு பாராட்டி எழுதினா, இனிமே இந்தப் பக்கம் வர மாட்டீங்கன்னுதான் எடுத்துக்குவேன். போயிட்டு வாங்க :-)